மோப்பம் அப்பனிடம், துணிச்சல் அம்மாவிடம்: குட்டி இரண்டையும் வாங்கிக்கொள்ளுமா?

டெக்சாஸிலிருந்து வந்த ஒரு நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். எழுதியவர் ஹூஸ்டனில் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேர தூரத்தில் நாற்பது ஏக்கர் வாங்கி, புல் வளர்த்து வைக்கோல் கட்டாக விற்கிறார். கொஞ்சம் ஆடுகளும் உண்டு. காட்டுப்பன்றிகள் இரவோடு இரவாக வந்து வயலை ஏர் உழுததுபோலக் கிளறிப் போட்டுவிடுகின்றன. புல் வெட்டும் இயந்திரம் அந்தக் குழிகளில் இறங்கி இரண்டு தடவை உடைந்துவிட்டது.

அவரிடம் பதினான்கு மாதப் பெண் நாய் ஒன்று இருக்கிறது. கட்டஹூலா இனம் (கர் எனப்படும் உழைப்பாளி நாய் வகை), சாம்பல் உடம்பில் கறுப்புத் திட்டுகள், ஒரு கண் கண்ணாடி நீலம். பக்கத்து நிலத்துக்காரர் வைத்திருப்பது ட்ரீயிங் வாக்கர் ஹவுண்ட், ஆறு வயது ஆண், மோப்பத்துக்குப் பேர் போனது. இரண்டையும் சேர்த்தால் 'ஹவுண்டின் மூக்கும் கர் நாயின் துணிச்சலும்' ஒரே குட்டியில் கிடைக்கும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்லியிருக்கிறார். அதன்பின் அந்தக் குட்டிகளை நண்பர் ஒருவரின் திட்டுநிறக் கட்டஹூலா ஆணோடு மறுபடி சேர்த்து, தன் பண்ணைக்கென்றே ஒரு வம்சத்தை உருவாக்கி, மிஞ்சும் குட்டிகளை விற்பது இவருடைய திட்டம். விருதுநகர்ப் பக்கம் இருக்கும் மாமா 'சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று அனுப்பட்டுமா?' என்று கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் குழந்தைகள் இருப்பதால் மனைவிக்கு இதில் மனம் ஒப்பவில்லை. 'கலப்புக் குட்டிகளுக்கு நோய் வராது என்கிறார்களே, சோதனைகளெல்லாம் அவசியம்தானா? வேட்டையில் கிடைக்கும் இறைச்சியை நாய்களுக்குப் போடலாமா? நாய் வேலி தாண்டினால் பின்னாலேயே போகலாமா?' இவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள நண்பருக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்து வரும் பருவத்தில் இந்த நாயை இணை சேர்க்காதீர்கள். பதினான்கு மாத நாய்க்கு எலும்பு இன்னும் முற்றவில்லை, குணமும் முற்றவில்லை. இடுப்பு மூட்டு எக்ஸ்ரே பார்த்துச் சான்று தருகிறவர்கள்கூட இருபத்துநான்கு மாதம் ஆகட்டும் என்றுதான் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம், உங்கள் நாய் இதுவரை ஒரு பன்றியையும் எதிரே பார்த்ததில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை எட்டுக் குட்டிகளாகப் பெருக்குவதில் என்ன லாபம்?

இரண்டு வகை நாய், இரண்டு வகை வேலை

உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் சொல்வது முழுத் தவறில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பன்றி வேட்டைக்காரர்கள் ஹவுண்டையும் கர் நாயையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்துதான் வந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 'கர்' என்பது மற்ற இடங்களில் வசைச்சொல். அங்கே அது மாடு மேய்க்கவும், பன்றி மடக்கவும், வீட்டைக் காக்கவும் வளர்த்த உழைப்பாளி நாய்க்குப் பெயர். கட்டஹூலா, பிளாக் மவுத் கர், டெக்சாஸின் லேசி எல்லாம் அந்தக் கூட்டம்தான். கட்டஹூலாவை லூசியானா 1979இல் தன் மாநில நாயாக அறிவித்தது. புளூ லேசியை டெக்சாஸ் 2005இல் அறிவித்தது. அந்த இனத்துக்குப் பெயர் தந்த லேசி சகோதரர்கள் டெக்சாஸின் பர்னெட் வட்டாரத்துக்கு வந்தது 1858இல். ஒரு நாய்க்கு இந்தப் பெயர் நிலைக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது பாருங்கள். நடுவில் வேலைக்கு ஆகாத எத்தனையோ நாய்களை ஒதுக்கிவிட்டுத்தான் வம்சத்தைத் தொடர்ந்தார்கள். நீங்கள் எடுக்கப்போகும் ஒரு ஈத்து அந்த நீண்ட வேலையின் முதல் படி மட்டுமே.

ஹவுண்ட் மணிக்கணக்கில் ஆறிப்போன தடத்தையும் மூக்கைத் தரையில் வைத்து எடுக்கும். எடுத்த நிமிடத்திலிருந்து குரைத்துக்கொண்டே ஓடும். எவ்வளவு தூரமானாலும் விடாது. கூப்பிட்டாலும் லேசில் திரும்பாது. கர் நாய் பெரும்பாலும் தலையைத் தூக்கிக் காற்றில் வரும் வாடையைப் பிடிக்கும். புதுத் தடமாகப் பார்த்துச் சத்தமில்லாமல் ஓடி, பன்றியை மடக்கிய பிறகுதான் வாயைத் திறக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் உங்களிடமே திரும்பி வரும். நாற்பது ஏக்கர்க்காரருக்கு இந்த வித்தியாசம்தான் எல்லாம். குரைத்துக்கொண்டே வரும் நாயைக் கேட்டதும் பன்றி ஓட ஆரம்பித்துவிடும். அரை மணி நேரத்தில் அது உங்கள் நிலத்தைத் தாண்டி, அடுத்தவர் நிலத்தையும் தாண்டியிருக்கும். உங்கள் நாயும் அதன் பின்னால் போயிருக்கும். ஆயிரக்கணக்கான ஏக்கர் ஆற்றுப்படுகைக் காட்டில் வேட்டையாடுகிறவருக்கு ஹவுண்ட் ரத்தம் வரப்பிரசாதம். உங்களுக்கு அது தலைவலியாகத்தான் முடியும்.

சரி, குட்டிகளில் எது வரும்? ஆளுக்குப் பாதி மரபணு போவது உண்மை. ஆனால் குணம் அப்படிச் சரிபாதியாகப் பிரிவதில்லை. தடத்தில் குரைக்கும் பழக்கம் கலப்பில் பெரும்பாலும் குட்டிகளுக்கு வந்துவிடுகிறது என்பது வேட்டைக்காரர்களின் அனுபவம். பாதி ஹவுண்ட் வைத்திருப்பவர் யாரையும் கேட்டுப் பாருங்கள். மோப்பம், ஓடும் தூரம், எதிர்த்து நிற்கும் குணம் இவற்றைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. முதல் கலப்புக் குட்டிகள் ஓரளவு ஒன்றுபோல இருக்கலாம். அந்தக் குட்டிகளுக்குள் மறுபடி இணை சேர்த்தால் ஒரே ஈத்தில் எட்டும் எட்டுத் தினுசாக வரும். ஹவுண்டின் தூர ஓட்டமும் கர் நாயின் முரட்டுத்தனமும் ஒரே குட்டியில் விழுவதும் உண்டு. அந்தக் குட்டி உங்களிடமிருந்து மூன்று மைல் தள்ளி, தனியாக ஒரு பெரிய ஆண் பன்றியைப் பிடிக்கப் பார்க்கும். அப்படிக் கிழிபட்டு வந்த நாய்களை நள்ளிரவில் தைத்திருக்கிறேன். சிலவற்றைத் தைக்கவே நேரம் கிடைத்ததில்லை.

அதனால் 'துணிச்சல்' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்துங்கள். மடக்கும் நாய்க்கு வேண்டியது பயமின்மை இல்லை, நிதானம். பன்றியைச் சுற்றி நாலடி இடைவெளி விட்டு, அதை நகரவிடாமல் குரைத்து நிறுத்துவதுதான் அதன் வேலை. பாய்ந்து கவ்வுவது புல்டாக், பிட்புல் வகை நாயின் வேலை. அதை மார்புக் கவசம் போட்டு, கடைசி நிமிடம் வரை கயிற்றில் பிடித்திருந்துதான் விடுவார்கள். மடக்க வேண்டிய நாயே கவ்வ ஆரம்பித்தால் அதன் ஆயுள் குறைவு.

திட்டு நிறத்தில் இருக்கும் ஆபத்து

கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது உங்கள் இரண்டாவது படிதான். அந்தச் சாம்பல் திட்டு நிறத்துக்குக் காரணமான மரபணுவை மெர்ல் என்கிறோம். ஒரு பிரதி இருந்தால் நாய் அழகாக இருக்கும், பெரும்பாலும் ஆரோக்கியமாகவும் இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள் சேர்ந்த குட்டிக்குக் காது கேளாமை, கண் சிறுத்துப்போவது, பார்வையே இல்லாமல் பிறப்பது ஆகியவற்றுக்கான வாய்ப்பு மிக அதிகம்.

வாக்கருக்கு மெர்ல் கிடையாது. எனவே முதல் ஈத்தில் சுமார் பாதிக் குட்டிகள் ஒற்றைப் பிரதியோடு பிறக்கும், அதில் பயமில்லை. அந்தத் திட்டுக் குட்டிகளை நண்பரின் திட்டுநிற ஆணோடு சேர்த்தால் நாலில் ஒன்று இரட்டைப் பிரதியோடு பிறக்கும் என்பது கணக்கு. திட்டு இல்லாத குட்டியாகப் பார்த்துச் சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் சில நாய்களில் மெர்ல் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கன்னத்தில் பஞ்சுக் குச்சியைத் தடவி அனுப்பினால் மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். வாக்கரின் உடம்பில் நிறைய வெள்ளை உண்டு. தலையில், காதில் வெள்ளை அதிகமாக வரும் குட்டிகளுக்கும் செவிட்டுத்தன்மை வரலாம். வெள்ளை ராஜபாளையம் வளர்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை.

காது கேளாத நாய் வீட்டில் நன்றாகவே வாழும். காட்டில் அதற்குக் கூப்பிடுவது கேட்காது, மற்ற நாய்கள் எந்தப் பக்கம் குரைக்கின்றன என்று தெரியாது, சாலையில் வரும் லாரியும் கேட்காது. ஒரு காது மட்டும் கேட்கும் நாய்கூடச் சத்தம் வரும் திசையைப் பிரித்தறியத் தடுமாறும். கைதட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. குட்டிகளுக்கு ஆறேழு வாரத்தில் மூளை அலையை வைத்துச் செய்யும் செவிச் சோதனை இருக்கிறது. அதற்கு ஏற்பாடு செய்யாமல் ஒரு குட்டியையும் விற்காதீர்கள்.

கலப்புக் குட்டிக்கு நோய் வராது என்பதில் பாதிதான் உண்மை. ஒரே குடும்பத்துக்குள் இணை சேர்த்துப் பலவீனமான வம்சங்களோடு பார்த்தால் கலப்புக்குத் தெம்பு அதிகம். அது தடுப்பூசி ஆகிவிடாது. அப்பனுக்கும் அம்மாவுக்கும் ஒரே கோளாறு இருந்தால் கலப்பு அதைக் கழுவிவிடாது. குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நாயின் இனத்தைப் பார்த்து வருவதில்லை. கொசு மூலம் வரும் இதயப்புழுவும் அப்படித்தான். உங்கள் பகுதியில் அது மிக அதிகம்.

பன்றியிடமிருந்து வருவது

எல்லோரும் கோரைப்பல்லுக்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம், கண்ணுக்குத் தெரியாத இரண்டு கிருமிகள். ஒன்று, போலி வெறிநோய் எனப்படும் ஆஜெஸ்கி நோய். பெயரில்தான் வெறிநோய், கிருமி வேறு, ஹெர்ப்பிஸ் வகை வைரஸ். அமெரிக்காவின் வணிகப் பண்ணைப் பன்றிகளில் அது ஒழிந்துவிட்டதாக 2004இல் அறிவித்தார்கள். காட்டுப்பன்றிகளில் இன்றும் இருக்கிறது. பெரிய பன்றி அதைச் சுமந்துகொண்டு சாதாரணமாகத் திரியும். நாய்க்கு வந்தால் முகத்தையும் தலையையும் ரத்தம் வரும்வரை பிறாண்டிக்கொள்ளும், எச்சில் ஒழுகும், தள்ளாடும். இரண்டு மூன்று நாட்களில் இறந்துவிடும். மருந்து இல்லை. நாய்களுக்கு அங்கே தடுப்பூசியும் இல்லை. மனிதருக்கு இதனால் ஆபத்து இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் இறைச்சிக் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. பச்சை இறைச்சி, ஈரல், குடல், எலும்பு எதையும் நாய்க்குப் போடாதீர்கள். அறுக்கும் இடத்துக்கு நாயை வரவே விடாதீர்கள். நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். வேட்டையில் கடித்துப் பிடிக்கும்போதே ரத்தமும் எச்சிலும் வாயில் படத்தான் செய்யும். அந்த ஆபத்தை முழுக்க நீக்க முடியாது. அதை ஏற்றுக்கொண்டுதான் பன்றி வேட்டைக்கு நாய் வளர்க்க வேண்டும் என்பதை உங்கள் மனைவியிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று புரூசெல்லா. இது மனிதருக்கும் வரும்: விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி, மாதக்கணக்கில் மருந்து. வெறுங்கையால் பன்றி அறுப்பவருக்குக் கையிலுள்ள சின்னக் கீறல் வழியாகவே ஏறிவிடும். நாய்க்கு வந்தால் கருச்சிதைவு, விரை வீக்கம், முதுகெலும்பு அழற்சி என்று போகும். இணை சேர்க்கும் முன் நாய்களுக்கு வழக்கமாகச் செய்யும் புரூசெல்லா சோதனை, நாய்களுக்கே உரிய வகையை மட்டும் தேடும். பன்றியிடமிருந்து வரும் வகையை அது காட்டாது. பக்கத்து வீட்டு வாக்கர் பல வருடங்களாகப் பன்றி பிடிக்கிறது என்கிறீர்கள். எனவே இரண்டு வகைக்கும் சோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். குட்டி ஈனும்போது வரும் நீரில் கிருமி ஏராளமாக இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் குழந்தைகள் 'குட்டி வருது, குட்டி வருது' என்று பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் மனைவியின் தயக்கம் நியாயமானது.

பன்றியிடம் முரட்டுத்தனமாக நிற்கும் நாய் குழந்தைகளிடமும் அப்படி இருக்கும் என்று அவர் பயப்படுவதாகத் தெரிகிறது. அது அப்படியே உண்மை அல்ல. என்னிடம் வரும் பன்றி நாய்களில் பல, மேசையில் ஏற்றியதும் என் கையை நக்குகின்றன. ஆனால் ஓடும் பிராணி எதையும் துரத்தும். உங்கள் ஆடுகளோடு சிறு வயதிலிருந்தே பழக்காவிட்டால் முதல் சேதம் உங்கள் பட்டியில்தான். வேட்டை முடிந்து வந்த நாயைக் குளிப்பாட்டாமல் குழந்தைகளிடம் விடாதீர்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம்

நான் வழக்கறிஞர் இல்லை. நாய்க்காரர்களோடு பழகித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு காட்டுப்பன்றி வேட்டையாட 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமம் தேவையில்லை. நாயையும் பயன்படுத்தலாம். மானை நாய் வைத்துத் துரத்துவது அங்கே குற்றம். உங்கள் நாய் மான் தடத்தில் போகாமல் பழக்குவது உங்கள் பொறுப்பு. 'என் நாய் போய்விட்டது, எடுக்கப் போனேன்' என்பது அடுத்தவர் நிலத்தில் நுழைய அனுமதி ஆகாது. மரத்திலோ கம்பத்திலோ ஊதா நிறத்தில் செங்குத்தான கோடு இருந்தால் அது 'உள்ளே வராதே' பலகைக்குச் சமம். சுற்றியுள்ள நிலத்துக்காரர்கள் எல்லோரிடமும் இப்போதே பேசி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாய்க்கு ஜிபிஎஸ் பட்டை இல்லாமல் ஒரு நாளும் அவிழ்த்து விடாதீர்கள். உயிரோடு பிடித்த பன்றியை வேறிடத்தில் விடுவதும் சட்டவிரோதம்.

மாமாவுக்கு நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்து வெட்டவெளியில் விரட்டும் நாய். புதரில் மோந்து தேடுவது அதன் வேலை இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து எந்த நாட்டிலிருந்தும் ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியை அமெரிக்காவுக்குள் கொண்டுவரவே முடியாது. வெறிநோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருப்பதால், பெரிய நாய்க்கும் நடைமுறைகள் ஏராளம். அப்புறம், உங்கள் வேட்டைப் படங்களைப் பார்த்து மாமா அங்கே நாயை அவிழ்த்துவிடப் போகிறார். நம் ஊரில் காட்டுப்பன்றி 1972ஆம் ஆண்டு வனஉயிர்ச் சட்டத்தின் கீழ் வருகிறது. வனத்துறையை மீறி வேட்டையாடினால் சிறைதான். டெக்சாஸில் திரிவது ஸ்பானியர் காலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட வளர்ப்புப் பன்றிகளும், வேட்டை விளையாட்டுக்கென்று 1930களில் விட்ட ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளும் கலந்த வம்சம். அதனால்தான் இரண்டு இடத்திலும் சட்டம் வேறாக இருக்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

உங்கள் பிரச்சினை பன்றி. நாய் அதற்கான வழிகளில் ஒன்று. பன்றித் தொகை பெருகாமல் அப்படியே நிற்கவே வருடத்துக்கு மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்று வனஉயிர் ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஓர் இரவில் ஒன்றிரண்டு பிடிக்கும் நாய்களால் அது ஆகாது. வட்டமான பெரிய கம்பிப் பட்டி போட்டு, சோளம் வைத்துப் பழக்கி, கூட்டம் மொத்தமும் உள்ளே வந்ததும் கைபேசியிலிருந்து கதவை இறக்கும் முறைதான் நன்றாக வேலை செய்கிறது. பாதிக் கூட்டத்தை மட்டும் பிடித்தால் மீதி உஷாராகிவிடும்; நடுவில் நாய்களை விட்டால் கூட்டம் கலைந்து பக்கத்து நிலத்துக்குப் போய், சில நாளில் திரும்பி வரும். முதலில் பட்டி, அதற்குச் சிக்காத கிழட்டு ஆண் பன்றிக்கு நாய். அந்த வரிசையில் போங்கள்.

அதற்கு உங்களுக்குத் தேவை நல்ல நாய்கள் இரண்டு மூன்று வைத்திருக்கும் அனுபவசாலி ஒருவர். உங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர், கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். உங்கள் நாயைக் குளிர்காலத்தில் அவர்களோடு அனுப்பிப் பாருங்கள். டெக்சாஸ் கோடையில் உடல்சூடு ஏறியே செத்த நாய்களும் உண்டு, எனவே வெயில் காலம் வேண்டாம். மூத்த நாய்களைப் பார்த்து இது கற்றுக்கொள்கிறதா, இடைவெளி விட்டு நிற்கிறதா, கூப்பிட்டால் வருகிறதா என்று ஒரு பருவம் முழுக்கக் கவனியுங்கள். கழுத்துப்பட்டையும் மார்புக் கவசமும் போட்டு அனுப்புங்கள். கோரைப்பல் காயம் வெளியே விரலளவு தெரிந்தாலும் உள்ளே உள்ளங்கை அளவு கிழிந்திருக்கும். காட்டிலேயே ஸ்டேப்பிள் அடித்து மூடாமல், உப்புநீரால் கழுவி, சுத்தத் துணி சுற்றி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மார்புக் காயத்தில் காற்றுச் சத்தம் கேட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு நாய் நன்றாக வந்தால், இரண்டு வயதுக்கு மேல், சோதனைகள் முடித்து, ஒரு ஈத்து எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். ஆணாக வாக்கரைவிட, உங்கள் நிலத்தின் அளவுக்கு ஏற்றபடி கிட்டத்தில் வேட்டையாடும், சத்தமில்லாமல் ஓடும், மெர்ல் இல்லாத பிளாக் மவுத் கர் ஒன்றைத் தேடுங்கள். ஹவுண்டின் மூக்கு கட்டாயம் வேண்டுமென்றால் குட்டியில் கால் பங்கு ஹவுண்ட் ரத்தம் போதும் என்பது என் அபிப்பிராயம். எட்டுக் குட்டிகளில் வேலைக்கு ஆகிறவை இரண்டோ மூன்றோ இருக்கலாம். அதுவும் ஒன்றரை வயது வரை தெரியாது. மற்றவை எங்கே போகும் என்று இணை சேர்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். தென்மாநில விலங்குக் காப்பகங்களில் கூண்டுக்குக் கூண்டு நிற்பவற்றில் பல, யாரோ 'அருமையான வேட்டை நாய்' என்று நம்பி எடுத்த இந்த மாதிரிக் கலப்புகள்தான். அவற்றைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

இப்போதைக்கு, அடுத்த பருவம் தொடங்கும்போது மூன்று வாரமாவது நாயைப் பூட்டிய கொட்டிலில் வையுங்கள். வாக்கர் ஆறடி வேலியைத் தாண்டும். மெர்ல் சோதனைக்கான பஞ்சுக் குச்சியை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நண்பரின் நாய்க்கும் சேர்த்து. முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.